எச்1பி: ஒரே பக்கம் நிற்க வேண்டியவர்கள்

எச்1பி விசா என்றாலே அமெரிக்காவில் இரண்டு கட்சி. 'வேலையைப் பறிக்கிறார்கள்' என்கிறது ஒன்று. 'இவர்கள் இல்லாமல் சிலிக்கான் பள்ளத்தாக்கு ஏது' என்கிறது மற்றொன்று. 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் அறிவித்த பிறகு இரைச்சல் இன்னும் கூடிவிட்டது. இரு தரப்பும் கவனிக்கத் தவறுவது சம்பளக் கணக்கை.

வெளிநாட்டு ஊழியரை எடுக்கும் நிறுவனம், அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு நிலவும் சம்பளத்துக்குக் குறைக்க மாட்டோம் என்று தொழிலாளர் துறைக்கு உறுதி தர வேண்டும். பதவி, சம்பளம் எல்லாம் போட்டு வேலையிடத்தில் 10 நாள் அறிவிப்பும் வைக்க வேண்டும். காபி எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனால் யார் நின்று படிக்கிறார்கள்? படித்தால் சூட்சுமம் புரியும். 'நிலவும் சம்பள'த்துக்கு நான்கு படிகள்; கீழ் இரண்டு படிகளும் அவ்வட்டாரத்தின் இடைநிலைச் சம்பளத்தைவிடக் குறைவு. அனுபவசாலியைக் கீழ்ப்படியில் காட்டினால் லாபம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

அந்த ஊழியரும் வாய் திறக்க மாட்டார். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் மனுப் போடாவிட்டால், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். கிரீன் கார்டிலோ எந்த நாட்டுக்கும் 7 சதவீதம் என்ற வரம்பு. இந்தியர்களின் வரிசை நகர்வதே இல்லை. எதிர்த்துப் பேச முடியாதவர் பக்கத்து இருக்கையில் இருந்தால், உள்ளூர்க்காரரின் பேரமும் படியாது.

நம்மவர்களும் கை கழுவ முடியாது. 2023 மார்ச்சில் எச்1பி விசாவுக்கான குலுக்கலுக்கு வந்த பதிவுகள் சுமார் 7.8 லட்சம்; பாதிக்கு மேல், ஒரே ஆளுக்குப் பல நிறுவனங்கள் போட்டவை. அதில் கன்சல்டன்சிகளோடு கைகோத்தவர்களும் உண்டு. ஒழுங்காக ஒரே பதிவு போட்டவர்களின் வாய்ப்புதான் பறிபோனது. அடுத்த ஆண்டே ஆளுக்கு ஒரு வாய்ப்பு என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. புராஜெக்ட் இல்லை என்று பெஞ்ச்சில் உட்கார வைத்துச் சம்பளத்தை நிறுத்துவதும் சட்டவிரோதமே. தெரிந்தும் பொறுத்துப்போகிறவர்கள் ஏராளம்.

கீழ்ப்படிச் சம்பளத்தை உயர்த்து, 60 நாளை நீட்டு: இந்த இரண்டையும் உள்ளூர்ப் பொறியாளரும் வந்தவரும் ஒன்றாகவே கேட்கலாம். அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு எச்1பி பணிக்கும் நிறுவனம் வைத்திருக்கும் சம்பளக் கோப்பைப் பொதுமக்களில் யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும். முரண் தெரிந்தால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம், கொடுத்த ஊழியரைப் பழிவாங்குவதும் சட்டவிரோதம்.