உம்மம்மாவின் தாலாட்டு

நான் அரபுக் கல்லூரியில் ஓதிய நாளில் உம்மா ஒலிநாடாவில் பேசி அனுப்புவார். இன்று போட்டுக் கேட்டால் மின்விசிறிச் சத்தமே முந்துகிறது. உம்மாவும் மௌத்தாகிவிட்டார்.

கட்டாரிலுள்ள மகனுக்காக உம்மம்மாவின் தாலாட்டைக் கைபேசியில் வீடியோ எடுக்கிறீர்களா? திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஆண்டின் நடுமாதங்களில் கச்சான் வீசும், முற்றம் வேண்டாம். மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அறையில் எதிரொலி அடங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். கிட்ட இருந்தே எடுங்கள்: தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் வரை குறையும், சுற்றுச் சத்தமோ குறையாது. ஒலிவாங்கித் துளை பெரும்பாலும் கைபேசியின் அடியில் இருக்கும். குறுக்காகப் பிடிக்கையில் உள்ளங்கையால் மூடிவிடாதீர்கள்.

முதலில் சிறிது பதிந்து கேட்டுப் பாருங்கள். மூச்சு வாங்கப் பாடி முடித்தவரை மீண்டும் பாடச் சொல்ல மனம் வராது.