பங்கு மார்க்கெட்டும் ஜோஸ்யமும்

பங்கு விலை ஏறும் நாளையும் இறங்கும் நாளையும் முன்கூட்டி அறிந்து, இறக்கத்தில் வாங்கி ஏற்றத்தில் விற்றால் விரைவில் தனவந்தராகிவிடலாம் என்ற எண்ணம் நமது நாட்டில், முக்கியமாக வாலிபர்களிடையே, தொத்து வியாதிபோல் பரவியிருக்கிறது. அதன் பலன் என்ன என்பதை, பங்கு வர்த்தகத்தைக் கண்காணிக்கும் ஸெபி ஸ்தாபனம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது. 2024 மார்ச்சில் முடிந்த மூன்று நிதி வருஷங்களில் முன்பேர, ஆப்ஷன் ஒப்பந்தங்களில் இறங்கிய தனி நபர்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு அதிகம். 2024-ல் முடிந்த வருஷத்தில் இப்பேரம் செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வருஷ வருமானம் 5 லட்சத்துக்குக் குறைந்தவர்கள் என்பதைப் படிக்கும்போது மனம் பதறுகிறது.

“நாங்கள் அப்படிச் சூதாடுகிறவர்கள் அல்ல, நல்ல பங்குகளையே வாங்குகிறோம், வீழ்ச்சி வரும் சமயத்தில் மட்டும் விற்றுவிட்டு ஒதுங்கி நிற்போம்” என்று சில நண்பர்கள் சொல்லக்கூடும். யோசனை கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஒதுங்குவது எளிது, திரும்புவது எப்பொழுது? 2008 ஜனவரி 8-ந் தேதி 20,873-ல் முடிந்த ஸென்ஸெக்ஸ், 2009 மார்ச் 9-ந் தேதி 8,160-க்கு வந்து சேர்ந்தது. பொதுத் தேர்தல் முடிவு தெரியட்டும் என்று வெளியே காத்திருந்தவர்களின் கதி என்னவாயிற்று? முடிவு வெளியானபின் மார்க்கெட் திறந்த முதல் நாள் மே 18. திறந்த சில விநாடிகளுக்குள் விலைகள் வரம்பை எட்டி, வியாபாரம் நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்கியதும் அதே கதை. அன்று முழுவதும் கதவு சாத்தப்பட்டது. அதற்குள் ஸென்ஸெக்ஸ் நூற்றுக்கு 17 வீதம் ஏறிவிட்டது. வெளியே நின்றவருக்கு உள்ளே நுழைய அவகாசம் ஏது? ஒன்றும் செய்யாமல் பங்கை வைத்துக்கொண்டிருந்தவரோ வீட்டில் உட்கார்ந்தபடியே அதை அடைந்தார். 2020 மார்ச் 23-ந் தேதி ஒரே நாளில் நூற்றுக்கு 13 வீதம் விழுந்த மார்க்கெட், அந்த நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டியது. மிக நல்ல நாட்கள் பெரும்பாலும் மிகக் கெட்ட நாட்களை அடுத்தே வருகின்றன. ஒன்றைத் தவிர்க்க ஓடுகிறவர் மற்றொன்றையும் இழக்கிறார்.

துரதிர்ஷ்டசாலி ஒருவர் 2008-ல் அந்த ஜனவரி 8-ந் தேதியிலேயே வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 2024 கடைசியில் ஸென்ஸெக்ஸ் 78,139. லாபப் பங்கீடு நீங்கலாக வருஷத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 8 வீதம் கிடைத்திருக்கும். பாங்கி வட்டியைப் பார்க்க இது பிரமாதமல்ல என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது மிக மோசமான நாள். மாதந்தோறும் சிறு தொகையாகப் போட்டு வந்தவருக்கு 2009-ன் மலிவு விலையும் கிடைத்திருக்கும். அதற்கு ஜோஸ்யம் வேண்டியதில்லை.

வைத்திருப்பதும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் காரியமல்ல. ஸத்யம் கம்பெனியின் பொய்க்கணக்கு 2009 ஜனவரியில் வெளிப்பட்ட தினத்தில் அதன் பங்கு முக்கால் பாகத்துக்கு மேல் வீழ்ந்தது. ஜப்பானின் நிக்கேய் 1989 டிசம்பரில் எட்டிய உச்சத்தை மீண்டும் கடக்க 2024 பிப்ரவரி வரையில் பிடித்தது. ஒரே கம்பெனியிலோ, மக்கள் பித்துப் பிடித்து விலையேற்றிய காலத்திலோ மொத்தப் பணத்தையும் கொட்டியவருக்குப் பொறுமை மட்டும் துணையாகாது.

வழக்கறிஞர் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லவேண்டும். 2024 ஜூலை 23 முதல், ஒரு வருஷத்துக்குள் விற்ற பங்கின் லாபத்துக்கு வரி நூற்றுக்கு 20. அதற்குமேல் வைத்திருந்தால் 12½, அதிலும் வருஷத்துக்கு 1¼ லட்சம் வரை விலக்கு. பேர வரியோ லாபமானாலும் நஷ்டமானாலும் உண்டு. அடிக்கடி வாங்கி விற்கிறவர் தரகருக்கும் சர்க்காருக்கும் சம்பாதித்துக் கொடுக்கிறார்.

பத்திரிகைகளும் இதில் நிரபராதிகள் அல்ல. “இன்று வாங்கவேண்டிய பங்குகள்” என்று தினந்தோறும் பத்தி பத்தியாக அச்சிடப்படுகிறது. அப்படி எழுதுகிறவர்கள் சென்ற வருஷம் தாங்கள் சொன்னதையும் அது பலித்த லட்சணத்தையும் பக்கத்திலேயே பிரசுரிக்கவேண்டும் என்று ஸெபி விதி செய்தால் நாம் மனமார வரவேற்போம். எத்தனை பேர் ஆட்சேபிக்கிறார்கள் என்று பார்க்கவும் ஆவலாயிருக்கிறோம்.