எடைக்குப் போடாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் தம்பி மகன் எழுதியிருந்தான்: "அத்தை, கையில செல்போன் இருக்கும்போது அந்தப் பழைய ரேடியோ டப்பாவெல்லாம் எதுக்கு? காயலான் கடைக்குப் போட்டா ஒரு ரூம் காலியாகும்." அதற்குப் பதினோரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன். உங்கள் பதினோரு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஹாம் ரேடியோ என்பது தேர்வு எழுதி, மத்திய அரசிடம் உரிமம் வாங்கி, சாதாரண மனிதர்கள் தங்கள் சொந்தக் கருவியில் காற்றலை வழியே பேசிக்கொள்வது. காசுக்காக அல்ல. என்னிடம் இருப்பது ரெஸ்ட்ரிக்டட் கிரேடு உரிமம்.

ஹாம்கள் எதைப் பொக்கிஷம் என்கிறார்கள் என்று தெரிந்தால் நீங்கள் இன்னும் சிரிப்பீர்கள். முதலில் ஒரு மீன் டப்பா. அமெரிக்காவில் 'க்யூஎஸ்டி' என்று ஹாம்களுக்கான மாத இதழ் ஒன்று உண்டு. அதன் 1976 மே இதழில் டக் டிமா என்பவர் ஒரு டிரான்ஸ்மிட்டர் செய்முறை எழுதினார். சூரை மீன் அடைத்து விற்கும் தகர டப்பாதான் அதன் உடம்பு. இரண்டே டிரான்சிஸ்டர். சக்தி அரை வாட்டுக்கும் குறைவு. நம் பழைய ஜீரோ வாட் பல்பு இதைப்போல இருபது மடங்குக்கு மேல் இழுக்கும் (ஜீரோ வாட் என்ற பெயரே ஒரு பொய், அது தனிக் கதை). இதை வைத்துக்கொண்டு மோர்ஸ் குறியீட்டில் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களோடு பேசினார்கள். அவர் கையால் செய்த அந்த முதல் டப்பா பல வருடம் காணாமல் போய்விட்டது. பிறகு ஒரு பழம்பொருள் சந்தையில், மேசைக்கு அடியில் கிடந்த உதிரிப் பெட்டிக்குள் யாரோ அதை அடையாளம் கண்டு எடுத்தார்கள். பழுது பார்த்ததும் மறுபடி பேசியது. அந்தப் பெட்டியை எடைக்குப் போட்டிருந்தால் எத்தனை கிராம் தேறியிருக்கும்?

இன்னொன்று, இரண்டாம் உலகப் போரில் கடலில் விழுந்த விமானிகளுக்காகச் செய்த மஞ்சள் பெட்டி. 'கிப்சன் கேர்ள்' என்பது அதன் செல்லப் பெயர். நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். ரப்பர் படகில் உட்கார்ந்து, இரண்டு தொடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கைப்பிடியைச் சுற்ற வேண்டும். பேட்டரி கிடையாது. சுற்றும் கையே மின்சாரம், அந்தச் சுற்றிலேயே எஸ்.ஓ.எஸ். தானாக ஒலிக்கும். ஆன்டெனாக் கம்பியை மேலே தூக்கக் கூடவே ஒரு பட்டம் கொடுத்திருந்தார்கள். பட்டம் விடுகிற காற்று இல்லையென்றால் பலூன். போர் முடிந்ததும் உபரியாக மலிவு விலைக்கு விற்றதை ஹாம்கள் வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். கைப்பிடி எப்படி மின்சாரமாகிறது, மின்சாரம் எப்படி அலையாகிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருளை நான் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டைனமோ நடத்தும்போது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றுவேனே, நினைவிருக்கிறதா? அதேதான்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டியது நம் நாட்டுச் சரக்கு. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், வெளிநாட்டு ரேடியோ வாங்க வசதியில்லாத இந்திய ஹாம்களுக்காகச் செய்தது. ரேடியோவில் சுருள் சுற்ற ஃபெரைட் வளையம் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் அது சுலபமாகக் கிடைக்காது. மனிதர் என்ன செய்தார்? குழாயில் சொட்டு நிற்கப் போடுகிறோமே, அந்த வாஷரில் கம்பியைச் சுற்றினார்! வேறு சில சுருள்களுக்கு டிவி ஆன்டெனாவில் வரும் சின்ன பேலன் துண்டுகள். பேசும்போதும் கேட்கும்போதும் ஒரே பெருக்கிச் சுற்றுகள் இரண்டு திசையிலும் வேலை செய்யும்படி வரைந்ததால் பாகங்களின் எண்ணிக்கையும் குறைந்தது. ஆறு வாட் வரும். பிற்பாடு தயார்ப் பலகையாகவே அது பல நாடுகளுக்குப் போனது. சுருள்களைக் கையால் சுற்றிக் கொடுத்தது அங்கே ஒரு பெண்கள் குழு. குழாய் வாஷரில் சுற்றிய பழைய பிட்எக்ஸ் ஒன்று உங்கள் பரணில் இருந்தால் உங்களுக்கு அது குப்பையாகத்தான் தெரியும். மூடி கோணலாக இருக்கும், பெயர்ப்பலகை இருக்காது, மேலே பேனாவில் எழுதியிருக்கும்.

இப்போது வருத்தமான விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மோர்ஸ் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து ஊர்ப் பள்ளியில் இயற்பியல் நடத்திய ஓர் ஆசிரியர். காலமாகிவிட்டார். ஊரையும் பெயரையும் சொல்லப் போவதில்லை. 807 வால்வு போட்டு அவரே கட்டிய டிரான்ஸ்மிட்டர், ரிச்சி தெருவில் அலைந்து பொறுக்கிய பாகங்கள், நாற்பது வருடத்து லாக் புத்தகங்கள், உலகம் முழுவதிலிருந்தும் வந்த தொடர்பு அட்டைகள், எல்லாம் ஒரே டெம்போவில் போயின. செம்பு தனி, அலுமினியம் தனி, காகிதம் தனி. துக்கம் கேட்கப் போனபோது பெரிய மகன் பெருமையாகவே சொன்னார், "நல்ல ரேட் கொடுத்தான் டீச்சர்." அந்த மகன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களும் பேசாமல் இருந்துவிட்டார்கள். அந்த டிரான்ஸ்மிட்டரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு கம்பியும் கோலம் மாதிரி நேராக வளைந்திருக்கும். சால்டரிங் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் எங்கே கிடைக்கும்?

'செல்போன் இருக்கே' என்ற கேள்விக்கு வருகிறேன். 2018 நவம்பரில் கஜா வந்தபோது நம் டெல்டாவில் எத்தனை நாள் சிக்னல் இல்லாமல் கிடந்தோம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி, குழுவோடு அந்தமானுக்கு ரேடியோ இயக்கப் போயிருந்தார். சுனாமி வந்தது. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன அதே கருவிகளை வைத்துக்கொண்டு போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை அனுப்பினார்கள். ஆனால் ஒன்று, உண்மையைச் சொல்ல வேண்டும். பழைய வால்வு பெட்டி புயலில் உதவாது, அதற்கே கரண்ட் வேண்டும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடும் பிட்எக்ஸ் உதவும். எல்லாப் பழசும் உயிர் காக்கும் என்று கதை விட நான் தயாரில்லை. அது தெரிந்த ஆள் ஊரில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அந்த ஆள் செல்போனைத் தேய்த்து உருவாக மாட்டார். உங்கள் போனைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும். மீன் டப்பாவைத் திறந்தால் பாடம் கிடைக்கும்.

இன்னொரு கூட்டத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அரிய கருவிகளைப் பெரும் பணம் கொடுத்து வாங்கி, துடைத்து, கண்ணாடி அலமாரியில் பூட்டி, படம் மட்டும் போடுகிறவர்கள். காயலான் கடைக்காரராவது செம்பை வேறு வேலைக்கு அனுப்புகிறார். பூட்டிய கருவி யாருக்குப் பயன்? வாரம் ஒருநாள் திறந்து நாலு பிள்ளைகளுக்குக் காட்டட்டும், நானே போய்க் கும்பிடுகிறேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர் இப்படி விட்டுப் போயிருந்தால், தயவுசெய்து கவனியுங்கள். வால்வு கருவியை நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சரில் ஆளை அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். ஆன் செய்தும் பார்க்க வேண்டாம். டிரான்ஸ்மிட்டரை உரிமம் இல்லாதவர் கையில் கொடுக்கக் கூடாது, அது சட்டம். பக்கத்தில் உள்ள ஹாம் கிளப்புக்கு ஒரு போன் செய்தால் ஆள் வந்து பார்த்துச் சொல்வார்கள். லாக் புத்தகத்தையும் அட்டைகளையும் காகிதக் கட்டோடு கட்டாதீர்கள். உங்கள் தாத்தா எந்த ராத்திரி எந்த நாட்டுக்காரரோடு பேசினார் என்று அவர் கையெழுத்திலேயே இருக்கும்.

உரிமத் தேர்வு எழுதப் பன்னிரண்டு வயது நிரம்பினால் போதும். பேரன் பேத்திகளை ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் என் வீட்டுக்கு அனுப்புங்கள். மாடியில் கம்பி கட்டியிருக்கிறேன், பழைய குழாய் வாஷர் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. காபி உண்டு. தம்பி மகனும் வரலாம், அவனுக்குத் தனியாக ஒரு சால்டரிங் அயர்ன் எடுத்து வைத்திருக்கிறேன்.