தக்காளி இலை சுருளுதா? பக்கத்துக் காட்டையும் பாருங்க!

மக்காச்சோளக் காட்டை ஒட்டியுள்ள தக்காளிச் செடிகள் திடீரென இலை சுருண்டு, தண்டு முறுக்கி நிற்கும். 'வைரஸ்தான்' என்று பூச்சிமருந்து வாங்கி அடிப்பார்கள். பலன் இருக்காது. சில நேரம் அது நோயே இல்லை. பக்கத்தில் அடித்த 'டூ ஃபோர் டி' களைக்கொல்லி காற்றில் வந்திருக்கும்.

சோளம், நெல் போன்ற புல் வகைகளை விட்டுவிட்டு, அகன்ற இலைச் செடிகளைத் தாக்கும் மருந்து இது. தக்காளி, திராட்சைக்கு ஆகவே ஆகாது. பருத்திக்குத் துளி பட்டாலே போதும், இலை வெண்டை இலைபோல விரல் விரலாகக் குறுகிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வரப்புக் களைகளைப் பாருங்கள். தக்காளியோடு அவையும் ஒரே நேரத்தில் முறுக்கியிருந்தால் சந்தேகம் மருந்து மேல்தான். வைரஸ் அப்படி எல்லாச் செடியையும் ஒன்றாகப் பிடிக்காது. உள்ளே போகப்போகப் பாதிப்பு குறைந்தால் இன்னொரு சாட்சி.

அடிப்பவர்களுக்கு: காற்று வீசும்போது வேண்டாம். நாசிலைத் தாழ்த்திப் பிடியுங்கள். களைக்கொல்லிக்குத் தனி ஸ்பிரேயர் வையுங்கள். கழுவிய டேங்கில் மிஞ்சுவதே பருத்தியைக் கெடுக்கும். பக்கத்துக் காட்டுக்காரருக்கு முதல் நாளே ஒரு போன் போடலாமே!

முறுக்கிய செடிகள் உள்ள வரப்பில் கீரை பறிக்காதீர்கள். இந்த மருந்து இலைக்குள் இறங்கிவிடும், கழுவினாலும் போகாது.