சாலையா? ரேஸ் மைதானமா?

ஞாயிறு விடிந்தால் போதும், புதுப்பட்டினத்தில் கிழக்கு கடற்கரைச் சாலையைக் கடக்கவே நெஞ்சு படபடக்கிறது. அப்படிப் பறக்கின்றன பைக்குகள்!

பைக்கில் பெட்ரோலை அளந்து விடுவது ஒரு சின்ன கம்ப்யூட்டர். அதற்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே 'டியூனர்' என்ற பெட்டியைச் சொருகி, பெட்ரோலைக் கூட்டி விடுகிறார்கள். சைலன்சரையும் மாற்றுகிறார்கள். கூடுகிற வேகம் கொஞ்சம். சத்தமும் புகையும் ஏராளம்!

தம்பிகளே! 2019 திருத்தச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். ரேஸ் ஆசையா? இருங்காட்டுக்கோட்டையில் மைதானம் இருக்கு. அங்கே போய் முறுக்குங்க!

இங்கே மீன்கூடையோடு பெண்கள் நடக்கிறார்கள். பையனை மட்டும் பிடித்தால் போதாது. பெட்டியை மாட்டிவிடும் மெக்கானிக் கடையையும் அதிகாரிகள் எட்டிப் பார்க்க வேண்டும். பார்ப்பார்களா?