கருவி வாங்கினால் போதுமா, பேக்கேஜ் வேண்டாமா?

சிறு காந்தம் ஒன்றைக் கம்பிச்சுருளுக்குள் விழவிட்டால் மின்னழுத்தம் சட்டென்று ஒரு பக்கம் எழும்பி, உடனே எதிர்ப்பக்கம் பாயும். இரண்டாவது முகடு முதலாவதைவிட உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். விழுகிற காந்தம் சுருளைவிட்டு வெளியேறும்போது வேகம் கூடியிருப்பதுதான் காரணம். பாடநூலில் சூத்திரமாக மட்டுமே கிடந்த மின்காந்தத் தூண்டலை இப்படிக் கணினித் திரையில் வரைந்து காட்டுகிறது எக்ஸ்பைஸ் என்ற கையடக்கப் பெட்டி.

டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம், 2004இல் தொடங்கிய பீனிக்ஸ் திட்டத்தின் வழியே உருவாக்கிய கருவி இது. யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்தால் ஆசிலோஸ்கோப்பாகவும் சிக்னல் ஜெனரேட்டராகவும் வேலை செய்யும். மென்பொருள் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. யாரும் எடுத்துத் திருத்தலாம், பகிரலாம்.

கருவி பிறந்தது இந்தியாவில். ஆனால், அதன் மென்பொருளை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பில் எளிதாக நிறுவக்கூடிய பேக்கேஜாக்கிப் பராமரித்தவர் பிரான்ஸைச் சேர்ந்த ஓர் ஆசிரியர். அவருக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். அதே நேரம், இந்த வேலையை இங்குள்ள கல்லூரிகள் ஏன் தம் பொறுப்பாகக் கருதவில்லை என்றும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பேக்கேஜ் என்பது கோப்புகளைச் சுருட்டிக் கட்டுவது மட்டுமல்ல. லினக்ஸில் சாதாரணப் பயனருக்குப் பெரும்பாலும் இந்தப் பெட்டி பேசும் சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி இருக்காது. மாணவர் பெட்டியைச் செருகுவார். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று திரை சொல்லும். கருவி கெட்டுவிட்டதென்று நினைத்து ஓரமாக வைத்துவிடுவார். ஒழுங்காகச் செய்யப்பட்ட பேக்கேஜ், இந்தப் பெட்டி வந்தால் வழிவிடு என்று சொல்லும் சில வரி விதியைக் கணினியில் பதித்துவிடும். தேவையான நூலகங்களையும் தானே இழுத்து வரும்.

பராமரிப்பு இன்னும் கடினம். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1உடன் முடிந்தது. பைத்தான் 3க்கு மாறாத மென்பொருள்களை டெபியன் படிப்படியாக விலக்கியது. யாராவது உட்கார்ந்து நிரலைத் திருத்தினால்தான் ஒரு மென்பொருள் அந்தத் தொகுப்பில் நீடிக்கும். அந்த உழைப்புக்கு நம் பல்கலைக்கழகங்களில் மதிப்பெண்ணும் இல்லை, பணிநேரமும் இல்லை.

தமிழகத்துக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு அடித்தளம் டெபியன்தான். உபுண்டு லினக்ஸும் அதன்மீதே நிற்கிறது. டெபியனில் ஒருமுறை ஒழுங்காகச் சேர்த்தால் அதன் பலன் இவற்றுக்கும் போய்ச் சேரும். எனவே, இப்படிப் பேக்கேஜ் செய்ய வழியிருக்கும்படி, ஆய்வகக் கருவிகளுக்கான டெண்டரிலேயே மூல நிரலும் மறுவிநியோக உரிமையும் கட்டாயம் என்று எழுத வேண்டும். மூடிய மென்பொருளோடு வரும் கருவி, பழைய விண்டோஸ் ஓய்ந்ததும் நல்ல நிலையிலேயே அலமாரிக்குப் போய்விடுகிறது. போட்ட மக்கள் பணம் அதோடு முடங்குகிறது.

கணினித் துறையின் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக ஒரு பேக்கேஜை ஏற்கலாம். அதைச் சோதிக்க இயற்பியல் ஆய்வகம் பக்கத்துக் கட்டடத்திலேயே இருக்கிறது. டெபியனில் ஏற்கெனவே உள்ள சிக்ரோக் மென்பொருள் பல நிறுவனங்களின் மல்டிமீட்டர்களையும் லாஜிக் அனலைசர்களையும் படிக்கும். தங்கள் ஆய்வகத்து மீட்டர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதற்கான டிரைவரை எழுதுவதிலிருந்து மாணவர்கள் தொடங்கலாம்.