ஐந்து பாக்ஸ், ஐந்து ஸ்வரம்

கிட்டார் கற்க ஆரம்பிக்கும் பிள்ளைகளிடம் ஒரு படம் கட்டாயம் இருக்கும். ஆறு தந்திகளுக்கு ஆறு கோடு, குறுக்கே ஃப்ரெட்டுகள், மேலே கறுப்புப் புள்ளிகள். பென்டடானிக் ஸ்கேலின் ஐந்து பொசிஷன்கள். 'பாக்ஸ்' என்றும் சொல்கிறார்கள். ஐந்தையும் மனப்பாடம் செய்து, மெட்ரோனோம் வைத்து மேலும் கீழும் ஓட்ட வேண்டும். அதுதான் முதல் பாடம். இது தலைகீழ் என்பது என் கட்சி. காது முதலில், படம் அப்புறம்.

நான் வித்வான் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு கிட்டாரைத் தொட்டவன். விரல் மூட்டுகள் ஒரு நாளைக்கு அரை மணிக்கு மேல் இடம் கொடுப்பதில்லை. அந்த அரை மணியைப் புள்ளிகளுக்குத் தாரை வார்க்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வினைச்சொல் அட்டவணை ஞாபகம் இருக்கும். ஜெ சுயி, து ஏ, இல் ஏ என்று ராகம் போட்டு ஒப்பிப்போம். என் வகுப்பில் ஒருவன் எந்த வினைச்சொல்லைக் கொடுத்தாலும் எல்லாக் காலங்களையும் மூச்சு விடாமல் சொல்வான். கடையில் போய் ரொட்டி என்ன விலை என்று பிரெஞ்சில் கேட்க வராது. அட்டவணை தப்பில்லை. பேச்சு காதில் விழுந்தவனுக்கு அது உதவும். விழாதவனுக்கு அது வெறும் பாட்டு.

போன வருஷம் என் அக்கா மகளின் பையன், பதினாறு வயது, "எனக்குச் சங்கீத ஞானமே இல்ல தாத்தா, கிட்டாரை வித்துடலாம்னு இருக்கேன்" என்றான். மூன்று மாதத்தில் ஐந்து பாக்ஸும் அவனுக்குப் பாடம். வாசித்தும் காட்டினான், நல்ல வேகம். அவன் அம்மா சின்ன வயதில் பாட்டு கற்றவள். 'நின்னுகோரி' வர்ணத்தின் முதல் வரியைப் பாடச் சொல்லி, இதை வாசிடா என்றேன். (அக்னி நட்சத்திரம் படப்பாட்டாக இளைஞர்களுக்கும் தெரிந்ததுதான்.) விரல் எங்கே போவது என்று தெரியாமல் விழித்தான். அந்த வர்ணம் மோகனம். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களும் அவன் மூன்று மாதம் உருட்டிய அதே ஐந்துதான். அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

கணக்கு இப்படி. எல்லோரும் முதலில் படிப்பது ஏ மைனர் பென்டடானிக். எங்கள் பள்ளி வழக்கில் லா, தோ, ரே, மி, சோல். பிரெஞ்சுக்காரர்கள் ஸ்வரத்துக்கு ஏ, பி, சி என்று எழுத்துப் பெயர் வைப்பதில்லை. பாடக்கூடிய பெயர் என்பதால் எனக்கு அதுதான் சௌகரியம். லாவை ஸட்ஜமாக வைத்தால் சுத்த தன்யாசி. அதே ஐந்தில் தோவை ஸட்ஜமாக்கினால் மோகனம். ரேயை வைத்தால் மத்யமாவதி, மியை வைத்தால் ஹிந்தோளம், சோலை வைத்தால் சுத்த சாவேரி. கிரக பேதம் என்று நம் வித்வான்கள் செய்வது இதைத்தான். ஐந்து பாக்ஸ்களும் ஆறாம் தந்தியில் இந்த ஐந்தில் ஒவ்வொன்றிலிருந்து தொடங்குகின்றன. ஆனால் பாக்ஸ் எங்கே தொடங்குகிறது என்பது ராகத்தைத் தீர்மானிக்காது. காது எதில் போய் உட்காருகிறதோ அதுதான் ஸட்ஜம். படத்தில் இது தெரியாது.

பையனுக்கு இரண்டாம் தந்தியை மட்டும் கொடுத்தேன். 1, 3, 5, 8, 10, 13ஆம் ஃப்ரெட்டுகள்: தோ, ரே, மி, சோல், லா, மேல் தோ. வீணையில் போவது போல நீளவாக்கில், ஒவ்வொன்றையும் பாடிக்கொண்டே வாசிக்க வேண்டும். பாடாவிட்டால் வாசிக்கக் கூடாது. வர்ணம் காந்தாரத்தில் ஆரம்பம், அதாவது ஐந்தாம் ஃப்ரெட். அவன் அம்மாவுக்கு ஒரு கட்டை சுருதி ரொம்ப இறக்கம், இருந்தாலும் பாடினாள். சாயங்காலத்துக்குள் முதல் வரி தட்டுத் தடுமாறி வந்துவிட்டது. கமகம் சரியில்லை என்று அம்மா திருத்திக்கொண்டே இருந்தாள். கிட்டார் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

பெரிய ராக் கலைஞர்களெல்லாம் பாக்ஸில்தானே வாசிக்கிறார்கள் என்று கேட்பார்கள். உண்மைதான். 1971இல் வந்த 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டில் ஜிம்மி பேஜின் தனி வாசிப்பு பெரும்பாலும் இதே ஏ மைனர் பென்டடானிக். பி.பி. கிங் கையகல இடத்திலேயே நின்று அழ வைப்பார். ஆனால் ப்ளூஸ்காரர்கள் அந்தத் தோவைச் சும்மா விடுவதில்லை. தந்தியை லேசாக இழுத்து, லாவை ஸட்ஜமாக வைத்துச் சொன்னால், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் நிறுத்துவார்கள். அந்த இடத்துக்கு எந்தப் படத்திலும் புள்ளி கிடையாது. கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு தந்தி பழகிய பிறகு பாக்ஸுக்கு வரலாம். அப்போதும் ஐந்தும் வேறு வேறாக ஏன் தெரிகின்றன என்று ஒரு தடவை புரிந்துகொள்வது நல்லது. அடுத்தடுத்த தந்திகளுக்கு நடுவே ஐந்து ஃப்ரெட் வித்தியாசம். மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் மட்டும் நான்கு. அதனால் இரண்டாம் தந்திக்கு வந்ததும் வடிவம் ஒரு ஃப்ரெட் தள்ளிப் போகிறது. நான் முதல் பாக்ஸையும் இரண்டாவதையும் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன், 5ஆம் ஃப்ரெட்டிலிருந்து 10 வரை. மற்ற மூன்றுக்கும் இன்னும் அவசரம் வரவில்லை.